கடைசி வரிசை இல்லாத நாடகம்

1

எழுதத் தெரிந்தவர்களுக்கு உரிய பக்கத்தில் நான் வந்து உட்கார்ந்திருப்பதை முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். ஒரு பக்கத்துக்கு மேல் கடைசியாக எழுதியது பரீட்சையில், 'நான் பிரதமரானால்' என்ற கட்டுரை. அதற்குப் பிறகு எத்தனையோ பிரதமர்கள் வந்து போனார்கள். நான் பேனாவைத் தொடவில்லை.

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் 'கடல் கடந்த நம்மவர்' என்றொரு பகுதி வருவது உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறார்கள், துபாயிலிருந்து எழுதுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வாசலில் விழுந்த பனியை அள்ளுவதைப் பற்றி மூன்று வருடமாக எழுதி வருகிறார். இந்த வருடம் அவர் அனுப்பவில்லை போலிருக்கிறது. மலர்க் குழுவினர் எனக்குப் போன் செய்து, "சம்பத்து, நீயும் வெளியிலதானே இருக்கே, ரெண்டு பக்கம் எழுதிக் குடு" என்றார்கள்.

நான் கடலைக் கடக்கவில்லை. குடியாத்தத்தில் ரயிலேறி ஜோலார்பேட்டை, குப்பம், பங்காரப்பேட்டை ஆகியவற்றைக் கடந்து பெங்களூரில் இறங்கினேன். வழியில் ஒரு தூக்கம் போடலாம், அவ்வளவுதான் தூரம். ஆனால் பஸ் போர்டைப் படிக்க முடியாத எந்த ஊரும் வெளிநாடு என்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் நான் எழுபத்தாறாம் வருடத்திலிருந்து வெளிநாட்டில் இருக்கிறேன்.

வேலை ஒக்கலிபுரத்தில், ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் ஒரு கடையில். முதலாளி நஞ்சுண்டப்பா. மனைவி மல்லிகா நம் ஊர்க்காரிதான், சிலருக்குத் தெரிந்திருக்கும். ஒரே மகள் ரேவதி. நான் எழுதப்போவது 2004இல் அவளால் எனக்கு வந்த ஒரு சங்கடத்தைப் பற்றி. பனி விழவில்லை. அதற்கும் மன்னிக்கவும்.

2

ரேவதி அப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் இருந்தாள். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து அழைத்துப் போகும், விடிந்தால் கொண்டுவந்து விடும். நாங்கள் எழும்போது அவள் தூங்கப் போவாள். அமெரிக்காவில் யாருக்கோ கிரெடிட் கார்டு தொலைந்தால் அவளிடம்தான் சொல்வார்கள். போனில் அவள் பெயர் ரீட்டா. வீட்டிலேயே சில நாள் தூக்கத்தில், "தேங்க்யூ ஃபார் ஹோல்டிங்" என்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவள் குரலை நான் அதிகம் கேட்டது அப்படித்தான்.

அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியும். கேட்டதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஒரு தடவை பாடினாள். நான் வழக்கம்போல் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்தேன். ஸ்பீக்கரை எதிர்ப்பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். பக்கத்துத் தெரு முழுக்கக் கேட்டதாம்.

ஒரு நாள் அவள் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்தது. மேலே இங்கிலீஷ், கீழே கன்னடம், அடியில் தமிழில் ஒரே ஒரு வரி: 'அனைவரும் வறுக.' எதை என்று போடவில்லை. ரேவதிக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் அவளைக் குறை சொல்ல முடியாது.

"யாருக்கும்மா கல்யாணம்?" என்றேன்.

"நாடகம்ப்பா. ஆபீஸ் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து பண்றோம். இம்மர்சிவ் மியூசிகல்."

மியூசிகல் என்றால் பாட்டு. அது புரிந்தது. மற்றதும் எனக்குப் புரியாத வார்த்தை இல்லை. பெங்களூர்க் குளிருக்கு எல்லா வீட்டிலும் இருப்பது இம்மர்ஷன் ராடு. பக்கெட் தண்ணீரில் முக்கி, சுவிட்சைப் போட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். அது போக, விநாயகர் சதுர்த்தி முடிந்ததும் பிள்ளையாரை எங்கள் கடை டெம்போவில் ஏற்றிக் கரைக்கக் கொண்டுபோவதற்கும் இம்மர்ஷன் என்றுதான் பெயர். எப்படிப் பார்த்தாலும் தண்ணீர்.

"ஏரியாம்மா?" என்று கேட்டேன்.

"ஏரியா ரிச்சர்ட்ஸ் டவுன்ப்பா."

"அங்க ஏரி இல்லையே."

"ஏரி எதுக்கு?"

மல்லிகா அடுப்படியிலிருந்து, "மாத்துத் துணி எடுத்துகினு போவணுமான்னு கேளுங்க" என்றாள். அவளுக்கும் அந்த வார்த்தை பக்கெட் வழியாகத்தான் தெரியும்.

ரேவதி தலையில் கை வைத்துக்கொண்டு விளக்கினாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா. அதுவே கல்யாண வீடு. மேடை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரர்கள். அவர்கள் எந்த அறைக்குள்ளும் போகலாம், எந்தக் கதவையும் திறக்கலாம். நடிகர்கள் வந்து பேசுவார்கள், கையைப் பிடித்து இழுப்பார்கள், பாடு என்பார்கள்.

"சேர் எந்தப் பக்கம் பார்த்துப் போடறாங்க?" என்றேன். தொழில் புத்தி.

"சேரே கிடையாதுப்பா. எல்லாரும் நின்னுக்கிட்டு, நடந்துக்கிட்டு."

"அப்ப கடைசி வரிசை?"

"வரிசையே கிடையாது."

"கதை இன்னா?" என்றாள் மல்லிகா.

"நான்தான் கல்யாணப் பொண்ணு. காலையில வெளிய போன பொண்ணோட அப்பா இன்னும் வரலை. எல்லாரும் தேடுறாங்க. கடைசி வரைக்கும் அவர் வர மாட்டார். அப்ப நான் ஒரு பாட்டுப் பாடுவேன். அதோட முடியுது."

"இதுக்கு வேற ஆளு தேடணுமா? உங்கப்பாவையே போட்டிருக்கலாம். ஊட்டாண்டயே குந்திகினு இருப்பாரு, ஒரு காசு குடுக்க வேணாம்."

ரேவதி சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ரெண்டு பாஸ் இருக்குப்பா. சனி, ஞாயிறு, எந்த நாளும் வரலாம். ஆனா நீங்க கஷ்டப்பட வேணாம். உங்களுக்கு ஒத்து வராது" என்றாள்.

எனக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தபோது அந்த நிம்மதி இல்லை.

3

என் சுபாவத்தைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் இருக்கலாம். தெரியாமல் இருப்பதற்குக் காரணமே அந்தச் சுபாவம்தான். என் கல்யாண போட்டோக்களில் நான் மாலைக்குப் பின்னால் இருக்கிறேன்.

இப்படி நாடகம் ஆடுவது உலகத்திலேயே புதுசு என்று கார்டில் போட்டிருந்தது. நம் ஊர்க் கூத்தில் கட்டியக்காரன் செய்ததும் இதுதான். கூட்டத்துக்குள் புகுந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, "இன்னாடா, உங்கப்பன் கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்பான். என்னை ஒரு தடவை அப்படிக் கூப்பிட்டான். அன்றைக்கு எழுந்து ஓடியவன் அதன் பிறகு கூத்துப் பக்கம் போகவில்லை. ஊரைப் பிரிந்து வந்த துக்கம் என்று மலரில் பலர் எழுதுகிறார்கள். அந்தக் கட்டியக்காரனைப் பிரிந்ததில் எனக்குத் துக்கம் இல்லை.

நாற்காலித் தொழில் எனக்குப் பொருந்திப்போனதற்கும் இதுதான் காரணம். விசேஷம் தொடங்கும் முன் போகலாம், முடிந்த பின் போகலாம். நடுவில் யாரும் நம்மைத் தேட மாட்டார்கள். தேவைப்பட்டால் பின்னால் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டு அதில் உட்கார்ந்துகொள்ளலாம். கடைசி வரிசை என்பது மனிதன் கண்டுபிடித்ததிலேயே நல்ல விஷயம் என்று நினைக்கிறேன். முதல் வரிசை தாமதமாக வருகிறவர்களுக்கு. நடு வரிசை மற்றவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு. கடைசி வரிசைதான் உண்மையாகவே பார்க்க வந்தவர்களுக்கு.

பாஷையும் ஒரு காரணம். வந்த புதிதில் நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நாம் 'ப' போடும் இடத்தில் கன்னடக்காரர்கள் 'ஹ' போடுகிறார்கள். பால் ஹாலு, பல் ஹல்லு, போ என்பது ஹோகு. இவ்வளவுதானா கன்னடம் என்று இருந்தது. அந்தத் தைரியத்தில் இருந்தபோது ஒருவர், "நின்ன ஹள்ளி யாவுது?" என்று கேட்டார். ஹள்ளி என்றால் பள்ளி என்று சூத்திரப்படி முடிவு செய்து, என் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். ரொம்ப நாள் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். ஹள்ளி என்றால் கிராமம். ஒக்கலிபுரத்தில் பாதிப் பேர் நான் நகராட்சி உயர்நிலைப் பள்ளி என்ற கிராமத்திலிருந்து வந்தவன் என்றே நம்பினார்கள்.

பிறகு கன்னடம் வந்துவிட்டது. ஆனால் பேசும் முன் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. தொண்ணூற்றொன்று கடைசியில் காவிரித் தகராறு வந்தபோது அந்தப் பழக்கம் இரண்டு மடங்கானது. ஷட்டரை இறக்கிவிட்டு நாங்கள் நஞ்சுண்டப்பா வீட்டு மாடியில் இருந்தோம். ரேவதி மூன்றாவதோ நான்காவதோ படித்தாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் பஸ்ஸில் போகும்போது அவளிடம், தமிழில் பேசாதே என்று சொல்லி வைத்திருந்தோம். அவள் கேட்டாள், "அப்ப உங்களை எப்படிக் கூப்பிடறது?" யோசித்துப் பார்த்தோம். கன்னடத்திலும் அப்பா அப்பாதான். அந்த ஒரு வார்த்தையை மட்டும் சத்தமாகச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தோம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழி முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

4

மூன்று நாள் அந்தக் கார்டு டிவி மேலேயே இருந்தது.

"வேணாம்னு சொல்றவ பாஸைத் திருப்பிக் குடுத்திருப்பா" என்றாள் மல்லிகா. "டிவி மேல வெச்சிட்டுப் போறா. நீங்க பார்க்கிற ஒரே இடம் அதான்னு அவளுக்குத் தெரியும்."

"ஒத்து வராதுன்னு அவளே சொல்லிட்டாளே."

"உங்களுக்கு இன்னா ஒத்து வந்துச்சு? நான் ஒத்து வந்தேனா? இருபத்தஞ்சு வருஷம் ஓடலையா?"

மல்லிகாவுக்கு வேறொரு கவலை இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் மாலை போட்டு மணையில் உட்காரலாமா என்று. கேட்டதற்கு ரேவதி, "ரிகர்சல்னு நெனைச்சுக்கோம்மா" என்றாளாம். சனிக்கிழமை மல்லிகாவுக்கு அவள் தங்கை வீட்டில் வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். என்னையும் கேட்டாள். பார்க்கலாம் என்றேன். எங்கள் வீட்டில் அதற்கு, இல்லை என்று அர்த்தம்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் ஒரு பாட்டுப் பாடுவதை முழுசாகக் கேட்க வேண்டும். அதை யாரும் என்னைப் பார்க்காமல் கேட்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்று ரேவதி சொன்னதிலேயே தெரிந்தது. அந்த வீட்டில் மறைந்து நிற்க இடம் இல்லை. கையைப் பிடித்து இழுப்பார்கள், நான் விழிப்பேன், அவள் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். போகாவிட்டால், நான் வர மாட்டேன் என்று அவள் நினைத்தது சரியாகிவிடும். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கடையில் நஞ்சுண்டப்பாவிடம் சொன்னேன். அவருக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

"சேர் இல்லாத மதுவேனா? ஏனப்பா இது? நாளைக்கு எல்லாரும் இப்படி ஆரம்பிச்சா நம்ம கதி ஏனு?"

"நாடகம்தான் யஜமான்ரே. நெஜக் கல்யாணம் இல்லை."

"நாடகம்னா மட்டும்? கல்யாண வீட்ல சேர் இல்லேன்னா அது கல்யாண வீடு மாதிரி தெரியுமா? உன் மகளுக்குச் சொல்லு."

சொன்னேன். ரேவதி அதைத் தன் டைரக்டரிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாளே தாடி வைத்த அந்த இளைஞர் கடைக்கு வந்துவிட்டார். புதிதாக வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகளை நஞ்சுண்டப்பா பெருமையாகக் காட்டினார். வந்தவர் அவற்றைப் பார்க்கவே இல்லை. கூரைக்கடியில் கிடந்த இரும்பு மடக்கு நாற்காலிகளுக்கு முன்னால் போய், கோயிலில் நிற்பதுபோல் நின்றார்.

"இது. இதுதான் வேணும்."

"அது துருப் பிடிச்சது சார். தொடைச்சுத்தான் குடுக்கணும்" என்றேன்.

"ப்ளீஸ், தொடைக்காதீங்க. அந்தத் துருதான் பியூட்டி."

அந்தத் துருவுக்காக நாங்கள் எத்தனையோ முகூர்த்த நாளில் திட்டு வாங்கியிருக்கிறோம். நஞ்சுண்டப்பா என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "இவனுக்கு ஷாமியானாவில் ஓட்டை இருக்கிறதையும் காட்டவா?" என்று கேட்டார்.

டைரக்டர் இன்னொன்றும் சொன்னார். கடைசிப் பாட்டுக்கு முன் முற்றத்திலிருந்து நாற்காலிகளைச் சட்டென்று எடுக்க வேண்டும். அதற்குப் பழகிய ஆள் ஒருவர் சனிக்கிழமை மட்டும் வந்து தன் ஆட்களுக்குச் செய்து காட்டினால் போதும். மணி அடிக்கும் வரை பின்பக்கத்துக் கார் ஷெட்டில் இருக்கலாம்.

"ஷெட் கதவு எந்தப் பக்கம் பார்த்திருக்கு?" என்று கேட்டேன். மனதுக்குள் சொல்லிப் பார்க்காமலே கேட்டுவிட்டேன்.

"முற்றத்தைப் பார்த்துத்தான்."

நஞ்சுண்டப்பா என் முதுகில் தட்டினார். "சம்பத்து, நீனே ஹோகு. பாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

போவதா வேண்டாமா என்ற கேள்வி இப்படித் தீர்ந்தது. நான் போகவும் போவேன், போகாமலும் இருப்பேன். ரேவதியிடம், நாற்காலி இறக்க ஆள் வரும் என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

5

சனிக்கிழமை சாயங்காலம் நான் அந்தக் கார் ஷெட்டில் ராஜா மாதிரி இருந்தேன். கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தேன். முற்றத்தில் யார் பேசினாலும் தெளிவாகக் கேட்டது. வெளியே பட்டுப்புடவையும் ஜிப்பாவுமாக ஒரு கூட்டம், கையில் சந்தனக் கிண்ணத்தோடு, "பொண்ணோட அப்பா எங்கே?" என்று அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தது. உண்மையான கல்யாணத்தில் இவர்கள் யாரும் பெண்ணின் அப்பாவைத் தேடியிருக்க மாட்டார்கள், சாப்பாட்டுப் பந்தியைத் தேடியிருப்பார்கள்.

நான் மிச்சமிருந்த நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

எந்தக் கதவையும் திறக்கலாம் என்று ரேவதி சொன்னதை நான் மற்ற கதவுகளைப் பற்றிச் சொன்னதாக நினைத்திருந்தேன். ஐந்தாறு பேர் உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரோரமாக நின்றுகொண்டார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, இன்னொரு நாற்காலியை மடித்தேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் வியர்வையைத் துடைத்தேன். "வெரி ரியல்" என்று ஒரு குரல் கிசுகிசுத்தது. இருபத்தெட்டு வருடம் நாற்காலி மடித்திருக்கிறேன். ஒருவர்கூட நின்று பார்த்ததில்லை. பார்க்காததே நல்லது என்று அப்போது தெரிந்தது.

தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மாள் என் பக்கத்தில் வந்து, "நீங்க பிரைட்ஸ் சைடா, க்ரூம்ஸ் சைடா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பொய் சொல்ல எனக்கு நேரம் பிடிக்கும். "பிரைட் சைடு" என்றேன்.

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

"ஃபாதர்."

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த நிமிடம் முற்றம் முழுக்கச் செய்தி போய்விட்டது. அப்பா கிடைத்துவிட்டார், ஷெட்டில் ஒளிந்துகொண்டிருந்தார், வாடகை நாற்காலிக்காரராக வேஷம் போட்டிருக்கிறார், மகள் கல்யாணத்தைத் தூரத்திலிருந்து பார்க்க வந்திருக்கிறார். கதையை அவர்களே முடித்துவிட்டார்கள். நான் இல்லை இல்லை என்றேன். "பாவம், எவ்வளவு அவமானம் பாருங்க அவருக்கு" என்று ஒருவர் கண் கலங்கினார். இரண்டு பேர் என் கைகளைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள்.

முற்றத்து நடுவில் மணையில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். மாலை, நெற்றிச்சுட்டி, எல்லாம். நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அவளைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். எல்லாரும் நிற்கும் இடத்தில் பின்னால் போய் நிற்கலாம் என்று பார்த்தால் வட்டத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது முகத்துக்கு எதிரே இருந்தார்கள்.

"அப்பா" என்றாள் ரேவதி.

அது நாடகத்தில் அவளுக்கு எழுதிக் கொடுக்காத வார்த்தை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கன்னடக்காரர்கள் அதைக் கன்னடம் என்று எடுத்துக்கொண்டார்கள், தமிழர்கள் தமிழ் என்று.

பெண்ணின் மாமாவாக நடித்தவர் பெரிய மீசைக்காரர். கதையில் இந்த நேரம் அவர், அப்பா வர மாட்டார் என்று அழ வேண்டுமாம். அப்பா வந்து நின்றதும் அவருக்கு வசனம் இல்லாமல் போய்விட்டது. ஆனாலும் சமாளித்தார். "ஈக பந்த்ரா பாவா? ஈக பந்த்ரா?" என்று, இப்போதா வருகிறீர்கள் மச்சான் என்கிற மாதிரி, என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை தட்டி, "மகளிகோஸ்கர ஹாடி! ஹாடி பாவா, ஹாடி!" என்றார். எல்லாரும் தாளமாகக் கை தட்ட ஆரம்பித்தார்கள்.

மகளுக்காகப் பாடச் சொல்கிறார். ஹாடி என்றால் பாடுங்கள். அது எனக்குத் தெரியும். என் சூத்திரத்திலேயே அது இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் சூத்திரம், இருபத்தெட்டு வருடக் கன்னடம் எல்லாம் ரயிலேறி ஊருக்குப் போய்விட்டன. நம் காதுக்கு 'ஹ' எப்போதுமே கொஞ்சம் மந்தம். எனக்குக் கேட்டது, 'ஆடி, ஆடி, ஆடி.'

ஆடினேன்.

எனக்கு ஆட்டம் தெரியாது. மடக்கு நாற்காலி அடுக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போகும்போது வலது பக்கம் இரண்டு அடி, இடது பக்கம் இரண்டு அடி, கொஞ்சம் பின்னால் சாய்ந்து ஒன்று என்று வைப்போம். அதை நாற்காலி இல்லாமல் வைத்தேன். கைகள் தூக்கியபடியே இருந்தன. கை தட்டல் ஒரு விநாடி நின்றது. மீசைக்கார மாமா ஒன்றும் புரியாமல் பார்த்தார், பிறகு அவரும் அதேபோல் வலது பக்கம் இரண்டு அடி வைத்தார். அதற்கப்புறம் எல்லாரும் வைத்தார்கள். ஜிப்பாக்காரர்கள், பட்டுப்புடவைகள், கண்ணாடி துடைத்தவர், எல்லாரும் இல்லாத நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றினார்கள்.

ரேவதி மாலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணப் பெண் அழுவதாகச் சிலர் நினைத்தார்கள். பிறகு தலையை நிமிர்த்தி, என்னைப் பார்த்து, பாட ஆரம்பித்தாள்.

அவள் எனக்கு நேர் எதிரே, மூன்றடி தூரத்தில் இருந்தாள். வாய் திறந்து மூடுவதைப் பார்த்தேன். காதுக்குள் குக்கர் மாதிரி ஒரே இரைச்சல். சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் கை தட்டினார்கள். அதிலிருந்துதான் பாட்டு முடிந்துவிட்டது என்று தெரிந்தது.

6

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் ரேவதி நெற்றிச்சுட்டியைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"ஹாடின்னா பாடுப்பா."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் ஆடுனீங்க?"

"பாடியிருந்தா இதைவிட மோசமா இருந்திருக்கும்."

அவள் மறுபடி சிரித்தாள். டைரக்டர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டதைப் பற்றிப் பேசினாள். ஞாயிற்றுக்கிழமையும் நான் வர வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதே சட்டையோடு. நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நாடகத்தின் அர்த்தமே மாறிவிட்டது என்றாராம். எந்த அர்த்தத்திலிருந்து எந்த அர்த்தத்துக்கு என்று நான் கேட்கவில்லை.

சிக்னலில் ஆட்டோ நின்றபோது, "பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நல்லா இருந்தது என்று சொல்லியிருக்கலாம். அந்த அளவுப் பொய் எனக்கும் வரும். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுல விழலைம்மா."

"நான் உங்களைப் பார்த்துத்தானே பாடினேன்."

"அதனாலதான்."

சிக்னல் விழுந்து ஆட்டோ கிளம்பியது. அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் தெரு திரும்பும்போது, "நாளைக்கும் இருக்கு" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மல்லிகாவோடு நானும் பாஸ் காட்டி உள்ளே போனேன். கார் ஷெட்டில் என் சட்டை மாதிரியே ஒரு சட்டை போட்ட நடிகர் நாற்காலி மடித்துக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் கண்டுபிடித்து முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். அவர் என்னைவிட நன்றாகக் கூச்சப்பட்டார், ஆட்டமும் ஆடினார். அவரையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களை யாரும் கவனிக்கவில்லை. ரேவதி பாடினாள். பாட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். முழுசும் கேட்டது.